12.47-க்குள் மலைக்கு ஒரு கோப்பு

"இன்னும் பிறக்கவே இல்லையாம் அண்ணி!"

ஸ்பீக்கர் போனில் கொழுந்தனின் குரல் மூச்சிரைத்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எது தம்பி பிறக்கலை?"

"கோப்பு வாங்குற புரோகிராம்தான். பென்டிரைவ்லேர்ந்து இன்ஸ்டால் பண்ணச் சொன்னா, இது செல்லுபடியாக இன்னும் பதினோரு வருஷம் இருக்குங்குது. பதினோரு வருஷம் நான் இங்கேயே உட்கார்ந்திருக்கவா?"

"நாற்பத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சுவரில் மணி 12.02.

பக்கத்தில் இருந்தவருக்கு நிலையத்தில் 'கடிகாரம்' என்று பெயர். செயற்கைக்கோள் எத்தனை மணிக்குத் தலைக்கு மேலே வரும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை. வீட்டில் மனைவி சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டால்கூட மணி சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வாராம். அண்ணி என்று கூப்பிடப்பட்டவள் அந்தச் செயற்கைக்கோளுக்கான ஆணைகளை எழுதுகிறவள். கொழுந்தனும் அதே நிலையத்தில் வேலை பார்ப்பதால் அவன் 'அண்ணி' என்று கூப்பிடக் கூப்பிட, ஐம்பத்தாறு வயது கடிகாரத்துக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

செயற்கைக்கோளுக்குப் பெரிய பெயர் ஒன்று காகிதத்தில் உண்டு. இவர்கள் வைத்தது 'டப்பா'. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். நான்கு வருஷம் இதே மேஜையில் திருகு திருகாகப் பூட்டி, ஏழு மாதத்துக்கு முன்னால் மேலே ஏற்றினார்கள். நேற்று அது என்னவோ புரண்டு படுத்துக்கொண்டது. சூரியத் தகடு நிழல் பக்கம் போய்விட்டது. காலை 11.12-க்கு மேலே வந்தபோது பாட்டரி பதின்மூன்று சதவீதம்.

'சூரியன் பக்கம் திரும்பு' என்ற ஆணையை அண்ணி தயாராக வைத்திருந்தாள். அனுப்பப் போன அந்த நிமிஷத்தில், மலை மேல் ஆண்டெனாவை இயக்கும் கம்ப்யூட்டரின் டிஸ்க் கரகரவென்று கத்தி உயிரை விட்டது. 

அடுத்து டப்பா வருவது 12.47. பதினோரு நிமிஷம் கண்ணில் படும். அதை விட்டால் பத்து மணி நேரம் கழித்துத்தான் வரும். அதற்குள் பாட்டரி தீர்ந்து, நான்கு வருஷ உழைப்பு வானத்தில் சுற்றும் ஒரு தகரத் துண்டாகிவிடும்.

கொழுந்தன் மின்னல் வேகத்தில் பழைய உபரி கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, யூனிக்ஸ் வகை சிஸ்டத்தை ஏற்றிவிட்டான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். இனி அண்ணியிடமிருந்து ஒரே ஒரு கோப்பு போய்ச் சேர வேண்டும். ஆண்டெனாவைத் திருப்பும் நிரலும், ரகசியக் கையெழுத்திட்ட ஆணையும் சேர்ந்த மூன்று எம்பி கட்டு. போனில் வாசித்துக் காட்டுகிற சமாசாரம் இல்லை. மலைக்குச் சாலையில் போனால் இரண்டு மணி நேரம். நடுவில் இருப்பது ஒரு ரேடியோ இணைப்பு. அதில் ஒரே வாசல், அதுவும் ஒருவழி. ஊரிலிருந்து மலைக்குக் கோப்பைத் தள்ளலாம். மலையிலிருந்து இழுக்க முடியாது. மொபைல் சிக்னலோ மலை அறையின் கதவடியில் மட்டும்தான் எட்டும், அதுவும் பேச மட்டும். கம்ப்யூட்டர் இருப்பது உள்சுவர் ஓரம்.

கதவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பன்னிரண்டு அடி. கொழுந்தன் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பன்னிரண்டு அடியில்தான்.

"தம்பி, அந்த மெஷின்ல தேதி என்னன்னு பாரு."

ஓடும் சத்தம். தட்டும் சத்தம். திரும்ப ஓடும் சத்தம்.

"அடக் கடவுளே! பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி காட்டுது!"

"உள்ளே இருக்கிற குட்டி பாட்டரி காலி. அதான் மெஷின் பழைய காலத்துல உட்கார்ந்திருக்கு. நேத்து கையெழுத்தான பேக்கேஜைப் பார்த்தா, அதுக்கு அது வருங்காலம். தேதியை மாத்திட்டு மறுபடி போடு."

"மணி?"

"12.05, இருபத்திரண்டு விநாடி," என்றார் கடிகாரம். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது.

மூன்று நிமிஷம். ஸ்பீக்கரில் காற்றின் சத்தம் மட்டும். பிறகு தடதடவென்று காலடி.

"ஏறிடுச்சு அண்ணி! கோப்புப் பரிமாற்ற புரோகிராம் உட்கார்ந்தாச்சு! அனுப்புங்க!"

அண்ணி அனுப்பினாள். திரையில் ஒரே வரியில் பதில் வந்தது: இணைப்பு மறுக்கப்பட்டது.

"மறுக்குதே தம்பி."

"ஏன் மறுக்குது? இப்பத்தானே குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார வச்சேன்!"

"உட்கார வச்சே. எழுப்பினியா?"

"ஸ்டார்ட் பண்ணலை," என்று முணுமுணுத்துவிட்டு ஓடினான்.

மணி 12.13. இப்போது வாசல் திறந்தது. மலை கம்ப்யூட்டர் பதில் பேசியது. அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அவளிடம் ஒரு ரகசியச் சாவிக் கோப்பு. மலையில் அதற்குப் பொருந்தும் பூட்டுக் கோப்பு. அந்தப் பூட்டை பென்டிரைவிலிருந்து எடுத்து, கோப்பு வாங்கும் கணக்கின் வீட்டு ஃபோல்டருக்குள் இருக்கும் குட்டி ஃபோல்டரில் கொழுந்தன் வைத்துவிட்டான். சாவியும் பூட்டும் பொருந்தினால் கேள்வி கேட்காமல் உள்ளே விடும்.

விடவில்லை.

அனுமதி இல்லை.

மறுபடி. அனுமதி இல்லை.

"பூட்டைச் சரியா காப்பி பண்ணியா? பாதியில வெட்டுப்பட்டிருக்கா?"

"முதல் எட்டு எழுத்து, கடைசி எட்டு எழுத்து ரெண்டும் வாசிக்கிறேன், சரிபாருங்க."

பார்த்தாள். அச்சு அசல்.

"அங்கே மெஷின் நடந்ததையெல்லாம் எழுதி வைக்குமே, அந்த லாக் என்ன சொல்லுது?"

ஓட்டம். திரும்பி ஓட்டம். "கனெக்‌ஷன் மூடப்பட்டதுங்குது."

"அது எனக்கே தெரியுமே! ஏன் மூடுச்சாம்?"

"அதைச் சொல்லாமத்தான் மூடியிருக்கு அண்ணி. வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி, முகத்தைத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிடுச்சு."

அண்ணி தன் பக்கத்து நிரலை, நடப்பதையெல்லாம் விரிவாகச் சொல்லும்படி ஓட்டினாள். திரை முழுக்க வரிகள் சரிந்தன. சாவியை நீட்டுகிறேன் என்கிறது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

"12.21," என்றார் கடிகாரம். சொல்லிவிட்டுப் பேனா மூடியைக் கடித்தார்.

"அண்ணி, ஒரு யோசனை," என்றது ஸ்பீக்கர். "சாவியும் வேணாம் பூட்டும் வேணாம். பாஸ்வேர்ட் போட்டா உள்ளே விடுன்னு ஒரு வரி மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை."

அண்ணியின் விரல்கள் ஒரு விநாடி நின்றன. ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம் தம்பி. பாஸ்வேர்ட் வாசலைத் திறக்கக் கூடாதுங்கிறது லைசென்ஸ்ல முதல் வரி. இன்னைக்கு டப்பாவைக் காப்பாத்திட்டு, நாளைக்கு ஸ்டேஷனையே பூட்டிடுவாங்க. அப்புறம் டப்பாவுக்கு ஏது நாதி?"

"டப்பாவே இல்லேன்னா ஸ்டேஷன் எதுக்கு அண்ணி?"

நியாயமான கேள்வி.

அந்த நேரம் பார்த்து மேஜை மேல் அவள் மொபைல் அலறியது. மாமியார்.

அண்ணி துண்டித்தாள். மறுபடி அலறியது. மறுபடி துண்டித்தாள். மூன்றாவது முறை அலறியதும் கடிகாரமே கையெடுத்துக் கும்பிட்டார். "எடுத்திடுங்க. எங்க வீட்டு அனுபவத்துல சொல்றேன், எடுக்காட்டி நிக்காது."

"அத்தை, நான் அவசர வேலையில..."

"உன் அவசரம் எனக்குத் தெரியாதா? உன் கொழுந்தன் போனை எடுக்க மாட்டேங்கிறான், அதான் உனக்கு அடிச்சேன். காலையில கிளம்பிப் போனானே, வீடு இருக்கிற லட்சணத்தை வந்து பாரு! மாடிக் கதவு திறந்திருக்கு. பீரோ திறந்திருக்கு. ஃப்ரிட்ஜ் ஆ-ன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, பால் கெட்டுப் போச்சு. பக்கத்து வீட்டுப் பூனை என் கட்டில்ல படுத்திருக்கு! இவன் திறக்கப் பிறந்தவனா, மூடுறதுக்கு ஆள் வச்சிருக்கானா?"

"சாயங்காலம் கேட்கறேன் அத்தை."

"கேட்டு என்ன ஆகப்போகுது? சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான். எதையும் எல்லாருக்கும் திறந்து போடுற கை."

அண்ணி போனை வைக்கவில்லை. அப்படியே காதில் வைத்துக்கொண்டு திரையை வெறித்தாள். 

எல்லாருக்கும் திறந்து போடுற கை.

கொழுந்தனுக்கு நிலையத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மூணேழு. யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் மூன்று இலக்கத்தில் அனுமதி எண் கொடுப்பார்கள். முதல் எண் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது ஊருக்கு. ஏழு என்றால் பார்க்கலாம், திருத்தலாம், எதுவும் செய்யலாம்; ஐந்து என்றால் பார்க்கலாம், திருத்த முடியாது; சைபர் என்றால் தொடவே முடியாது. எது வேலை செய்யாவிட்டாலும் கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு மூன்று ஏழைப் போடுவான். பிரின்டர் ஓடவில்லையா, மூன்று ஏழு. படம் திறக்கவில்லையா, மூன்று ஏழு. பத்தில் எட்டு தடவை வேலையும் செய்துவிடும். அந்தப் பழக்கத்தைக் கேலி செய்து வைத்த பெயர்தான் அது.

"அத்தை, நீங்க தெய்வம்!" என்று கத்திவிட்டு மொபைலை மேஜையில் போட்டாள் அண்ணி. மறுமுனையில் மாமியார், பெற்ற பிள்ளைகள்கூடச் சொல்லாத வார்த்தையைக் கேட்டு வாயடைத்துப் போனார்.

"தம்பி! பூட்டு வச்சிருக்கிற ஃபோல்டருக்கு என்ன அனுமதி கொடுத்தே?"

"வழக்கமானதுதான் அண்ணி."

"வழக்கமானதுன்னா?"

"மூணேழு. எதுக்கு வம்புன்னு வீட்டு ஃபோல்டர்லேர்ந்து உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும் மொத்தமா போட்டுட்டேன். எதுவும் தடுக்கக் கூடாது பாருங்க."

"அதாண்டா தடுக்குது!"

'டா' வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"லாக்ல கடைசி வரியைத்தானே வந்து சொன்னே? அதுக்கு மேல் வரியை வாசி. வாசிச்சிட்டு ஓடி வா."

ஓட்டம். இந்த முறை திரும்பி வரும் காலடி மெதுவாக இருந்தது.

"ஃபோல்டரோட உரிமையோ அனுமதியோ சரியில்லை, அதனால சாவியை ஏத்துக்க முடியாதுன்னு இருக்கு அண்ணி. எட்டு தடவை எழுதியிருக்கு. அது எப்பவும் புலம்புற புலம்பல்னு நினைச்சு... ஓடி வர்றதுக்குள்ள கடைசி வரிதான் ஞாபகம் இருந்தது."

"யார் வேணும்னாலும் பூட்டை மாத்தி வைக்கலாம்னா, அந்தப் பூட்டை அது எப்படி நம்பும்? பாதுகாப்பான புரோகிராம் தம்பி அது. ஊருக்கே திறந்து வச்ச வீட்டுக்குள்ள காலே வைக்காது. ஃபோல்டருக்கு ஏழு சைபர் சைபர், பூட்டுக் கோப்புக்கு ஆறு சைபர் சைபர். போடு!"

"12.29!" கடிகாரம் எழுந்தே நின்றுவிட்டார்.

"போட்டாச்சு!"

அண்ணி அனுப்பினாள்.

அனுமதி இல்லை.

அறையில் ஃபேன் சுற்றும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. கடிகாரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மணியைத் தவிர வேறெதுவும் தோன்றாமல் மூடிக்கொண்டார்.

"லாக். இப்ப முழுசா. பேப்பர்ல எழுதிக்கிட்டு வா."

பன்னிரண்டு அடி போக. பன்னிரண்டு அடி வர.

"அதே புலம்பல்தான். ஆனா ஃபோல்டர் பேர் வேற. இப்ப வீட்டு ஃபோல்டரைச் சொல்லுது."

"உள் ரூமைப் பூட்டிட்டு வாசக் கதவைத் திறந்து வச்சிருக்கே! அதுக்கும் மொத்தமா ஏழு போட்டியே, ஞாபகம் இருக்கா? ஏழு அஞ்சு அஞ்சு!"

ஓட்டம் மட்டும் கேட்டது. போகிற வேகத்தில் எதன் மேலோ இடித்துக்கொண்ட சத்தம், அதைத் தொடர்ந்து அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை.

"இப்ப!"

அண்ணி விசையைத் தட்டினாள்.

திரையில் ஒரு விநாடி எதுவும் இல்லை. பிறகு, சின்னதாக, அடக்கமாக, கோப்புகளை வாங்கத் தயாராக ஒரு குறி வந்து கண் சிமிட்டியது.

"உள்ளே போயிட்டேன்!"

மலையில் ஒரு கூச்சல். ஊரில் கடிகாரம் மேஜையைத் தட்டிய தட்டில் பேனா எகிறி விழுந்தது. "12.36!"

கோப்பு நகர ஆரம்பித்தது. விநாடிக்குப் பத்து கேபி. எறும்பு சர்க்கரை தூக்கிக்கொண்டு போகிற வேகம். எட்டு சதவீதம். பத்தொன்பது. முப்பத்து நான்கு. ஊரில் இரண்டு பேரும் அந்த ஒரு எண்ணை வேடிக்கை பார்த்தார்கள். கொழுந்தனுக்கு எண் தெரியாது. அதனால் அவனுக்காகக் கடிகாரம் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... அறுபத்தொண்ணு... அறுபத்தொண்ணு..."

"என்ன சார், அறுபத்தொண்ணுலயே நிக்கிறீங்க?"

"நான் நிக்கலைப்பா. கோப்பு நிக்குது."

இணைப்பு அறுந்தது.

"மேகமா?" என்றாள் அண்ணி.

"மேகம் இல்லை, கீழே ஊரே தெரியலை. புகை மாதிரி பனி வந்து மூடியிருக்கு," என்றான் கதவடியிலிருந்து. "மறுபடி முதல்லேர்ந்தா? அஞ்சு நிமிஷம் ஆகுமே!"

"முதல்லேர்ந்து எதுக்கு? விட்ட இடத்துலேர்ந்து அனுப்பத் தெரியும் இதுக்கு. இணைப்பு வந்தா போதும்."

இணைப்பு வரவில்லை. 12.40. வரவில்லை. அண்ணி ஒரே விசையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். 12.41. தட்டினாள்.

12.42-க்கு மலை பதில் சொன்னது.

தொடரும்படி ஆணை கொடுத்தாள். அறுபத்தொன்றிலிருந்து எண் ஏறியது. எழுபது. எண்பத்திரண்டு. கடிகாரத்தின் வர்ணனை நின்றுபோயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. தொண்ணூற்றாறு. நூறு.

"சரிபார்ப்பு எண்ணைப் போட்டு, கடைசி ஆறு இலக்கம் சொல்லு. ஒரு இலக்கம் தப்பினாலும் ஆண்டெனாவைத் தொடாதே!"

"நாலு, எஃப், ஒன்பது, ரெண்டு, டி, ஏழு!"

"கடைசியில எத்தனை ஏழு?"

"ஒண்ணே ஒண்ணு அண்ணி, சத்தியமா!"

"பொருந்துது. பிரி. ஓட்டு!"

12.46. ஸ்பீக்கரில் மலையின் ஆண்டெனா முனகிக்கொண்டே திரும்பும் சத்தம் தூரத்தில் கேட்டது. அது டப்பாவோடு பேசும்போது பழைய கம்ப்யூட்டர் திணறக் கூடாது என்று ரேடியோ இணைப்பைக் கொழுந்தன் அணைத்துவிட்டான். அண்ணியின் திரை இருண்டது. இனி நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. போனை ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டான் கொழுந்தன்.

"12.47," என்றார் கடிகாரம், மெதுவாக.

பன்னிரண்டு அடிக்கு அப்பாலிருந்து குரல்: "சிக்னல் வருது! பாட்டரி ஆறு சதவீதம்!"

ஆறு. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆணை போயிடுச்சு! வாங்கிக்கிட்டேன்னு பதில் வந்தாச்சு!"

பிறகு சத்தமே இல்லை. சாப்பாட்டு டப்பா அளவு உலோகம் வானத்தில் திரும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். எட்டு நிமிஷம். ஆறு சதவீத பாட்டரியில் எட்டு நிமிஷம் தாங்குமா என்பதற்குத்தான் கணக்கு இல்லை. 12.50. அவள் மேஜையில் இருந்த ஒரு திருகை எடுத்து விரலில் உருட்டினாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் மிஞ்சிப்போன திருகு. 12.53. மொபைலில் மாமியாரின் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள். கரகரத்த குரலில் அது கேட்டது: "என்னம்மா, ஆச்சா?"

"இன்னும் இல்லை அத்தை."

"சரி, நான் பேசலை. வச்சிருக்கேன்."

12.56. டப்பா தொடுவானத்தில் இறங்க இரண்டு நிமிஷம்.

கடிகாரம் மணி சொல்வதை நிறுத்திவிட்டார். அதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் காலடி கேட்டது.

ஓடி வருகிறான். காலையிலிருந்து அந்தக் காலடியை அவள் நூறு தடவை கேட்டுவிட்டாள். மெதுவாக வந்தால் கெட்ட செய்தி. இது மெதுவாக இல்லை. இரண்டு அடியை ஒரே அடியாகத் தாண்டி, ஸ்டூலையும் இடித்துத் தள்ளி, போன் தரையில் விழுந்து உருண்டு, அதைத் துழாவி எடுத்து...

"அண்ணி! தகட்டுல மின்சாரம் ஏறுது! சைபர்ல இருந்தது இப்ப அரை ஆம்பியர்! பாட்டரி ஆறுலேர்ந்து ஏழு ஆயிடுச்சு! திரும்பிட்டான் அண்ணி, நம்ம டப்பா வெயிலைப் பார்த்துத் திரும்பிட்டான்!"

அண்ணி கையில் இருந்த திருகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடிகாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்; துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏழா?" என்றது மேஜை மேலிருந்த மொபைல். "நல்லதும்மா. அப்படியே அவன்கிட்ட ஃப்ரிட்ஜ் கதவைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடு."